சுல்தான் என்ற ஆட்டுக்குத் திறந்த கோவை

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம். பழைய அலுவலகத்தில் இப்போது இரண்டு பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். இருவரும் படித்தவர்கள். ஆட்களை நேரில் பார்ப்பது குறைவு, தொலைபேசியில்தான் கதைக்கிறார்கள். போன மாதம் அலுமாரியைச் சுத்தம் செய்தபோது ஒருவருடைய தாள்கள் போட்ட பழைய கோவை கிடைத்ததாம். பெயர் ஜே. சுல்தான். கோவை மூடப்பட்ட காரணம் என்ற இடத்தில் 'குர்பான்' என்று இருந்ததாம். பயந்துபோய் எனக்குப் போன் எடுத்தார்கள்.

"ஹனிபா நானா, இந்த ஆளுக்கு என்ன நடந்த?"

"அறுத்தாச்சு" என்றேன்.

பிறகுதான், அது ஆடு என்று சொன்னேன். எழுதித் தாருங்கள் என்றார்கள். எழுதுகிறேன். எனக்கு எட்டாம் வகுப்புதான். பிழை இருந்தால் அவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லாரையும் மன்னாரை விட்டுப் போகச் சொன்னார்கள். போனோம். படகு கற்பிட்டியில் இறக்கியது. புத்தளம் பக்கம் முகாம். நான் உப்பளத்தில் வேலை செய்தேன். உப்பை வார வேண்டும், சுமக்க வேண்டும், குவிக்க வேண்டும். கதைக்கத் தேவையில்லை. அது எனக்குப் பிடித்த வேலை.

ஒரு நாள் ஒரு நிறுவனம் முகாமுக்கு வந்தது. பட்ட அடியில் மனம் உடைந்தவர்களோடு இருப்பதற்கு ஆள் எடுக்கிறோம், அதற்கு உளவளத்துணை என்று பெயர் என்றார்கள். முகாமில் நன்றாகக் கதைக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். அன்று மழை, உப்பளத்தில் வேலை இல்லை. கதிரை தூக்கிப் போட என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். நேர்முகம் வைத்தவர் ஒவ்வொருவரிடமும், "ஒரு மனிதர் உங்களுக்கு முன்னால் அழுகிறார். என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். ஒவ்வொருவரும் கால் மணித்தியாலம் பதில் சொன்னார்கள். ஒருவர் அழுதும் காட்டினார். பின்னேரம் கேள்வி கேட்டவர் களைத்துப்போய், கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த என்னிடமும் கேட்டார்.

"அழட்டும்" என்றேன்.

எடுத்துவிட்டார்கள்.

பயிற்சி சில கிழமை. மூளையின் படம் காட்டினார்கள். ஒருவர் கதைக்கும்போது குறுக்கே கதைக்காதே, புத்தி சொல்லாதே என்றார்கள். மற்றவர்கள் அதற்குத்தான் கஷ்டப்பட்டார்கள். வருகிறவரைத் துணைநாடி என்று சொல்ல வேண்டும், நோயாளி என்று சொல்லக்கூடாது. அவ்வளவுதான் பயிற்சி. மிச்சத்தைப் பெர்னடெட் மிஸ்தான் சொல்லித் தந்தார்.

பெர்னடெட் மிஸ் எங்கள் பொறுப்பாளர். சிலாபத்துக்காரர். தமிழும் சிங்களமும் ஒரே மூச்சில் வரும். கையில் எந்நேரமும் ஒரு பென்சில். யோசிக்கும்போது அதைச் சீவுவார். பிரச்சினை சிறிது என்றால் முனை மட்டும் போகும். பெரிது என்றால் பென்சில் பாதியாகிவிடும். அவர் சிரித்து நான் பார்த்தது இல்லை.

அறையில் இரண்டு கதிரை. இடையில் நான்கு அடி. காலையில் மிஸ் அளவு நாடாவால் அளப்பார். கதிரைகள் நேருக்கு நேர் இருக்கக்கூடாது, மணிக்கூட்டில் பத்தும் இரண்டும் மாதிரி சரிந்து இருக்க வேண்டும். சுவர் மணிக்கூடு துணைநாடியின் தலைக்குப் பின்னால், எனக்கு மட்டும் தெரிகிற இடத்தில். நடுவில் சின்ன மேசை, மேசையில் கண் துடைக்கிற கடதாசிப் பெட்டி. அந்தப் பெட்டியை ஒருவரும் தொடவில்லை. பெண்கள் முக்காட்டில் துடைத்தார்கள். ஆண்கள் சாரத்தைத் தூக்கித் துடைத்தார்கள். ஆனாலும் மாதக் கடைசியில் மிஸ் பெட்டியைத் திறந்து பார்த்து, "பாவிக்கப்படவில்லை" என்று எழுதுவார்.

முதல் மாதம் ஒரு மூத்த மனுஷி வந்து இருந்தார். கதைக்கவே இல்லை. நானும் கதைக்கவில்லை. ஐம்பது நிமிடம் ஆனதும் எழும்பி, "நல்ல பிள்ளை, எவ்வளவு கதை கதைச்சிட்டோம்" என்று போனார். அடுத்த கிழமையும் வந்தார். மூன்று மாதம் அப்படியே. பிறகு சுகம் என்று சொல்லிவிட்டார். அந்தக் கோவையில் என்ன எழுதுவது என்று மிஸ்ஸிடம் கேட்டேன். பென்சில் முனை போனது. "வந்தார், இருந்தார், போனார் எண்டு எழுதுங்க" என்றார்.

இனி ஆட்டின் கதை.

போர் முடிந்து, எங்கள் ஆட்கள் மன்னாருக்குப் போய்ப் பழைய வீடு வளவுகளைப் பார்க்கத் தொடங்கிய காலம். ஒரு காலையில் பாத்துமா ராத்தா வந்தார். எங்கள் முகாம்தான். மன்னார்த் தீவு ஆட்கள். புருஷன் ஜுனைத் நானா, தென்னந்தோட்டத்தில் காவல் வேலை.

"தம்பி, எங்கட மனுஷன் படுக்கிறார் இல்ல, ராவில கண்ணே மூடுறார் இல்ல" என்றார். "மருமகன் சொல்றான், மன்னாருக்குப் போய் வளவப் பாப்பம், காணி உறுதிப் பத்திரம் கையில இருக்கு எண்டு. அந்தக் கதைய எடுத்தா எழும்பிப் போயிடுறார். போன மாசம் களப்புக்குள்ள இறங்கி நடந்திருக்கார்."

"எதுக்கு?"

"எதுக்கு இறங்குவாங்க?"

களப்பு அந்தப் பக்கம் ஆழம் இல்லை. ஜுனைத் நானா அரை மணித்தியாலம் நடந்திருக்கிறார். தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறவில்லை. இறால் வலை போட்டவர்கள் என்ன தேடுறீங்க என்று கேட்டிருக்கிறார்கள். ஒண்டுமில்ல என்று திரும்பி வந்துவிட்டார். இதைச் சொல்லும்போது பாத்துமா ராத்தாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது.

"அடுத்த முறை ஆழமான இடத்தக் கேட்டுட்டுப் போவார்" என்றார்.

மனுஷரோடு அவர் கதைப்பதில்லையாம். வளர்க்கிற கிடா ஒன்று இருக்கிறது, அதோடு மட்டும் கதைக்கிறாராம். அந்தக் கிடாவிலும் ஒரு சிக்கல். மகளுக்குப் பிள்ளை சுகமாகப் பிறந்தால் ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பானாக அறுத்துக் கொடுப்பதாக, அது குட்டியாக இருந்தபோதே நேர்ந்துவிட்டார். பிள்ளை சுகமாகப் பிறந்துவிட்டது.

"பெருநாளுக்கு இன்னும் நாலு மாசம்" என்றார் பாத்துமா ராத்தா. "ஆடு போன பிறகு இந்த மனுஷன் ஆரோட கதைக்கும்? அதுக்குள்ள ஏதாவது செய்யுங்க."

செவ்வாய்க்கிழமை ஜுனைத் நானா வந்தார். மெலிந்த ஆள், நீண்ட கழுத்து. பின்னால் ஒரு கறுத்தக் கிடா. கழுத்தில் கயிறு இல்லை. மிஸ் வாசலில் மறித்தார்.

"மிருகத்துக்கு உள்ள வர ஏலாது."

"அப்ப நானும் போறன்."

"அதைக் கேட்டில கட்டிட்டு வாங்க."

"கட்ட மாட்டன்."

மிஸ் பென்சிலை எடுத்தார். நான் பாத்துமா ராத்தா சொன்ன களப்புக் கதையைக் காதோடு சொன்னேன். சீவல் நீளமாக விழுந்தது. இருவரையும் உள்ளே விட்டார்.

கதிரையில் இருத்திப் படிவத்தை எடுத்தேன். பெயர் கேட்டேன்.

"எனக்கு ஒண்டுமில்ல தம்பி. இவனுக்குத்தான்" என்று ஆட்டைக் காட்டினார்.

"இவனுக்கு என்ன?"

"படுக்கிறான் இல்ல."

பேனையை வைத்துவிட்டு வெளியே போனேன். கோவை இல்லாமல் அறையைக் கொடுக்க முடியாது என்பது மிஸ்ஸின் சட்டம். அவர் நடைமுறைப் புத்தகத்தைத் திறந்தார். 'துணைநாடியின் பெயரைக் கேட்டு, சொல்லப்படும் பெயரை அப்படியே எழுதுக. விவாதிக்க வேண்டாம்' என்று இருந்தது. இரண்டு தரம் வாசித்தார்.

"விவாதிக்கிறேல்ல" என்றார். "எழுதுங்க."

எழுதினேன். ஆட்டின் பெயர் சுல்தான். முன்னெழுத்துக்கு ஜுனைத்தின் ஜே. வயது ஒன்றரை. அதில் மிஸ் மறித்தார். எங்கள் சேவை பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்.

"ஆட்டுக்கு ஒன்றரை வயசு பெரியாள்தான் மிஸ்" என்றேன்.

"ஹரி" என்று சிங்களத்தில் சரி சொன்னார். "அப்ப வயதை எழுத வேணாம். வளர்ந்தவர் எண்டு எழுதுங்க."

அடுத்தது கேள்விகள். எல்லாருக்கும் கேட்கிற அதே கேள்விகள்தான். கண்ட கஷ்டத்தின் காயம் எவ்வளவு ஆழம் என்று பார்ப்பதற்கானவை.

"நித்திரை எப்படி?"

"கண்ணத் திறந்துகொண்டே படுத்திருப்பான்."

"சாப்பாடு?"

"நல்லம். நேத்து பள்ளிவாசல் மோதினார்ட சாரத்தத் திண்டுட்டான்."

"திடீர்ச் சத்தத்துக்குப் பயப்படுவாரா?"

"போட் எஞ்சின் சத்தம் கேட்டா எழும்பி நிப்பான்."

"போகப் பயப்படுகிற இடம் ஏதாவது இருக்கா?"

ஜுனைத் நானா ஆட்டைப் பார்த்தார். ஆடு என் செருப்பை மணந்துகொண்டிருந்தது.

"அவன்ட சொந்த வளவு" என்றார்.

அந்த ஆடு எங்கள் முகாமில் பிறந்தது. அதற்கு வளவு இல்லை. நான் எழுதிக்கொண்டேன்.

ஒவ்வொரு செவ்வாயும் வந்தார்கள். ஆடு அவருடைய கதிரைக்குக் கீழே படுக்கும். அவர் ஆட்டுக்குச் சொல்லுவார், நான் எழுதுவேன். அவனுக்கு இந்தக் கிழமை மூச்சு முட்டுதாம். அவனுக்கு ஆக்கள் சிரிக்கிறது பிடிக்கல்லையாம். ஒரு நாள் ஆடு படிவத்தின் மூன்றாம் பக்கத்தை இழுத்துத் தின்றுவிட்டது. 'மூன்றாம் பக்கத்தைத் துணைநாடி உண்டுவிட்டார்' என்று நான்காம் பக்கத்தில் எழுதினேன். நடந்ததை எழுத வேண்டும் என்பது மிஸ்ஸின் கட்டளை. கோவைகளின் பிரதிகள் கொழும்புக்குப் போகும். சுல்தானின் கோவை தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது, துணைநாடி ஒத்துழைக்கிறார் என்று அங்கிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. மிஸ் அதைக் கோவையில் குத்தினார்.

முகாமில் ஆட்டால் பெரிய கரைச்சல். பள்ளிக்கூடப் பையைத் தின்றது. யாரோ கொண்டுவந்த கலியாணக் கடிதத்தைத் தின்றது. "கட்டிப் போடுங்க நானா" என்று ஆட்கள் சத்தம் போட்டார்கள். ஜுனைத் நானா எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார், சாரத்துக்குப் பதில் சாரம் வாங்கிக் கொடுத்தார், ஆனால் கட்டவில்லை. 'ஏன் கட்டுகிறார் இல்லை?' என்று மிஸ் கோவையின் ஓரத்தில் எழுதி இரண்டு கோடு போட்டார். "கேக்க வேணாம், அதுவா வரும்" என்றார்.

அது வரவில்லை. பெருநாள் வந்துகொண்டிருந்தது. ஆறு கிழமை இருக்கும்போது பாத்துமா ராத்தா மறுபடி வந்தார். மனுஷன், தனக்கு இனித் தேவையில்லை என்று, புதுச்சாரம் எல்லாவற்றையும் மருமகனுக்குக் கொடுத்துவிட்டாராம். அதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மிஸ்ஸின் பென்சில் அன்று பாதியானது. அடுத்த நாள் என்னையும் கூட்டிக்கொண்டு பள்ளிவாசல் மௌலவியைப் பார்க்கப் போனார். தலையில் சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு, கொப்பியையும் திறந்து வைத்துக்கொண்டார்.

"மௌலவி, காது வெட்டுப்பட்ட ஆடு குர்பானுக்குக் கூடாதாமே?"

"கூடாது."

"நொண்டி?"

"கூடாது மிஸ். குறை இல்லாத ஆடுதான் வேணும்."

"அப்ப இந்தச் சுல்தானுக்குக் காதில சும்மா கொஞ்சம்..."

மௌலவி என்னைப் பார்த்தார். நான் முற்றத்தைப் பார்த்தேன்.

"மிஸ், இது நேர்ந்த ஆடு. நேர்ந்த பிறகு காது போனாலும் அறுக்கத்தான் வேணும்."

"கால் போனா?"

"கால் போனாலும்தான்."

"வேற ஆடு குடுக்க ஏலாதா? இதவிடக் கொழுத்த ஆடு?"

"மிஸ், நீங்க உங்கட தலவிலக் கோயிலுக்கு ஒண்ட நேர்ந்திட்டு, மாத்திக் குடுக்கலாமா எண்டு கேப்பீங்களா?"

மிஸ் கொப்பியை மூடினார். "இல்ல" என்றார்.

பெருநாள் அன்று தொழுகை முடிந்து நானும் போனேன். அலுவலகம் விடுமுறை. போக வேண்டும் என்று சட்டம் இல்லை. பாத்துமா ராத்தா கூப்பிட்டார், போனேன். அறுக்கிறவர் சாபி நானா, புத்தளத்து ஆள். கத்தியைத் துணியில் சுற்றிப் பின்னால் வைத்திருந்தார், ஆடு பார்க்கக்கூடாது.

"கயிறு எங்க ஈக்குது?" என்றார்.

"கயிறு இல்ல" என்றார் ஜுனைத் நானா.

"மூணு காலக் கட்டோணும் நானா."

"கட்டாம அறுங்க."

"இதென்ன, கோழியா?"

இவர்கள் இப்படிக் கதைத்துக்கொண்டிருக்க ஆடு போய்விட்டது. கட்டாத ஆடு, போகத்தானே செய்யும். புதுச்சாரம் கட்டிய முப்பது நாற்பது பேர் பின்னால் ஓடினோம். கிணற்றடி, மத்ரஸா, தேங்காய் மட்டைக் குவியல், எல்லாம் சுற்றியது. பெண்கள் வேலிக்கு மேலால் எட்டி, அங்கால, இங்கால என்று வழி சொன்னார்கள். ஒருவர் வழுக்கிச் சேற்றில் இருந்தார். கடைசியில் அது எங்கள் அலுவலக வாசலில் போய் நின்றது. செவ்வாய்க்கிழமைகளில் நிற்கிற அதே இடம்.

கதவுத் திறப்பு என் இடுப்பில் இருந்தது. ஏன் திறந்தேன் என்று இன்றும் தெரியாது. பழக்கம். ஆடு உள்ளே போய் அதன் கதிரைக்குக் கீழே படுத்தது. ஜுனைத் நானா பின்னால் போய் அந்தக் கதிரையில் இருந்தார். சாபி நானா ஓடிக் களைத்தவர், என் கதிரையில் விழுந்தார். கத்தி மடியில். நானும் இன்னும் நாலைந்து பேரும் சுவரோடு நின்றோம். எல்லாருக்கும் மூச்சு வாங்கியது.

ஜுனைத் நானா குனிந்து ஆட்டோடு கதைத்தார்.

"சுல்தான், ஒனக்கு நான் ஒருநாளும் கயிறு போடல்ல. இண்டைக்கும் போட மாட்டன். எனக்கொரு தம்பி இருந்தான். றஹீம். புத்தி சுகமில்ல. எங்கயாவது ஓடிப்போயிடுவான் எண்டு பின்வளவுப் பூவரசு மரத்துல கால்ல கட்டி வெச்சிருந்தன். எட்டு வருஷம். போகச் சொன்ன அண்டைக்கு நான் உம்மாவத் தூக்கினன். பிள்ளையளத் தூக்கினன். அவன மச்சான் அவுத்துக் கூட்டி வருவான் எண்டு நெனச்சன். மச்சான் நான் அவுப்பன் எண்டு நெனச்சான். போட் வெளிக்கிட்டு, கரை மறைஞ்ச பிறகுதான் ரெண்டு பேரும் ஆளையாள் பாத்தம்."

ஆட்டின் காதைத் தடவினார்.

"போட்டத் திருப்புங்க எண்டு சொன்னன். சத்தமாச் சொன்னனா, மனசுக்குள்ள சொன்னனா எண்டு இப்ப தெரியா."

சாபி நானா மேசைப் பெட்டியிலிருந்து ஒரு கடதாசியை உருவிக் கத்தியைத் துடைத்தார். இன்னொன்றை உருவிக் கண்ணைத் துடைத்தார். பிறகு, "நேரம் போகுது நானா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

அலுவலக வளவில்தான் நடந்தது. கயிறு போடவில்லை. நாலு பேர் பிடித்தோம். நான் பின்னங்கால். ஜுனைத் நானா தலையைப் பிடித்துக்கொண்டு காதில் ஏதோ சொன்னார். ஆடு திமிறவில்லை. நேர்ந்த குர்பான் என்பதால் அவர் வீட்டில் ஒரு துண்டும் எடுக்கக்கூடாது. முழுதும் ஏழைகளுக்குப் போனது.

விடுமுறை முடிந்து மிஸ் வந்தார். வளவு மணலில் காய்ந்த இரத்தத்தைப் பார்த்தார். பெட்டியைத் திறந்து இரண்டு கடதாசி குறைவதையும் பார்த்தார். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். மிஸ் நடைமுறைப் புத்தகத்தை எடுத்தார். துணைநாடி ஒருவர் இறந்தால் மூன்று நாளுக்குள் கொழும்புக்கு அறிக்கை போக வேண்டும். அலுவலக வளவில் இறந்தால் அன்றைக்கே.

"மிஸ், ஆடு" என்றேன்.

"கோவை இருக்கு" என்றார்.

நிரப்பினார். இறந்த இடம், அலுவலக வளவு. அருகில் இருந்த உத்தியோகத்தர், ஹனிபா. உத்தியோகத்தர் எடுத்த நடவடிக்கை, பின்னங்காலைப் பிடித்தார். எல்லாம் உண்மை. தொலைநகலில் அனுப்பினார். கால் மணித்தியாலத்தில் கொழும்பிலிருந்து போன் வந்தது. மிஸ் எழும்பி நின்று கதைத்தார். எனக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் கேட்டது.

"ஓம் சேர். கத்தி சேர்... இல்ல சேர், குடும்பத்துக்குத் தெரியும். குடும்பம்தான் ஒழுங்கு செஞ்ச... ஓம், முதலே தெரியும். ஒரு வருஷத்துக்கு மேல... இல்ல சேர், பொலிசுக்குச் சொல்லல்ல... உடம்பு இல்ல சேர். பங்கு போட்டாச்சு."

அந்தப் பக்கம் நெடுநேரம் ஒன்றும் வரவில்லை.

"ஆடு சேர்" என்றார் மிஸ்.

உடனே கோவையை மூடச் சொன்னார்களாம். மூடப்பட்ட காரணம் என்ற இடத்தில் நாலு பெட்டி இருந்தது. சுகமானார், இடம் மாறினார், வரவை நிறுத்தினார், இறந்தார். மிஸ் நாலையும் பார்த்தார். ஒன்றிலும் புள்ளடி போடவில்லை. பக்கத்தில் தன் கையால் 'குர்பான்' என்று எழுதினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமை அவர் வருவாரா?"

எனக்குத் தெரியாது என்றேன்.

அந்த நாட்களில் பாத்துமா ராத்தா புருஷனைக் கண் பார்வையை விட்டு விடவில்லை. களப்புப் பக்கம் போகிற ஒழுங்கையில் மருமகனை நிறுத்தியிருந்தார். செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு மிஸ் கதிரைகளை அளந்தார். திரும்ப அளந்தார். ஒன்பது பத்துக்கு ஜுனைத் நானா தனியே வந்தார். கதிரையில் இருந்து, கீழே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பேர் ஜுனைத்" என்றார். "எழுதுங்க. வயசு அம்பத்தெட்டு."

எழுதினேன்.

"மன்னாருக்குப் போகணும். நீங்களும் வாங்க தம்பி. மருமகன் வேணாம்."

துணைநாடியோடு பயணம் போகலாம் என்று புத்தகத்தில் இல்லை. போகக்கூடாது என்றும் இல்லை. மிஸ் அதைத் தேடி முடிக்கும்வரை ஜுனைத் நானா கதவடியில் நின்றார். "போங்க" என்றார் மிஸ்.

அனுராதபுரத்தில் பஸ் மாறிப் போனோம். வழியில் அவர் கதைக்கவில்லை. மன்னாரில் அவருடைய வீட்டுக்குக் கூரை இல்லை. உள்ளே உடை மரம் முளைத்துக் கிடந்தது. அவர் வீட்டைப் பார்க்கவில்லை, நேரே பின்வளவுக்குப் போனார். பூவரசு தடித்துப் பெரிய மரமாகி நின்றது. கீழே சருகு. அவர் காலால் சருகை விலக்கினார். பிறகு கையால் விலக்கினார். எதைத் தேடினார் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மூத்த மனுஷி நின்றார். கழுத்தில் சிலுவை.

"ஆரது?"

"நான் ஜுனைத்."

"ஜுனைத் அண்ணையோ? ஐயோ, இவ்வளவு காலமும் எங்க இருந்தனீங்கள்? உங்கட தம்பி உங்களைத் தேடாத நாளில்லை!"

ஞானம்மா என்று பெயர். பழைய அயல். ஜுனைத் நானா வேலியைப் பிடித்துக்கொண்டார்.

"றஹீம்..."

"அவன் செத்து ஒரு எட்டு ஒம்பது வருசம் இருக்கும். காய்ச்சல். நீங்கள் போன அண்டைக்குப் பின்னேரம் கத்திக்கொண்டு நிண்டான். நான்தான் வந்து அவிட்டு விட்டனான். எங்களோடதான் இருந்தவன். என்ர மனுசனுக்கு ரெண்டு தரம் அடிச்சும் போட்டான்."

"எங்க கட்டி வெச்சீங்க?"

"கட்டேல்லை."

"ஓடிப் போகல்லையா?"

"எங்க ஓடுறது? விடியக் கடற்கரைக்குப் போவான். உங்கட போட் வருதோ எண்டு பாத்துக்கொண்டு நிப்பான். சாப்பாட்டுக்கு வந்திடுவான். ஒருநாளும் பிந்தினதில்லை."

ஜுனைத் நானா சருகில் இருந்தார்.

"எட்டு வருஷம்" என்றார். என்னிடமா அந்த மனுஷியிடமா என்று தெரியவில்லை. "எட்டு வருஷம் சும்மா கட்டி வெச்சிருக்கன்."

ஞானம்மா அக்கா தேத்தண்ணி போட்டுத் தந்தார். பிறகு மையவாடியில் றஹீமை அடக்கிய இடத்தைக் காட்டினார். அவருடைய மனுசனும் கோயில் ஆட்களும்தான் அடக்கியிருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் ஒருவரும் அப்போது ஊரில் இல்லை. எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பள்ளிவாசல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் பார்த்து வைத்தார்களாம்.

"பிழையில்லைத்தானே?" என்று கேட்டார்.

"பிழையில்ல" என்றார் ஜுனைத் நானா. யாசீன் ஓதினார். நான் பின்னால் நின்றேன்.

திரும்பும்போது அனுராதபுரத்தில் சிலாபம் பஸ் கிடைத்தது. நொச்சியாகமம் தாண்டவில்லை, அவருடைய தலை சரிந்தது. சன்னலில் இடித்தது. பிறகு என் தோளில் விழுந்தது. வாய் திறந்திருந்தது. குறட்டை விட்டார். முன் சீட்டில் இருந்த பிள்ளை திரும்பிப் பார்த்துச் சிரித்தது. எது அவரைத் தூங்க வைத்தது என்று எனக்குத் தெரியாது. பிறகும் கேட்கவில்லை.

புத்தளம் வந்தது. கண்டக்டர், "புத்தளம்! புத்தளம் பஹின்ன!" என்று இறங்கச் சொல்லிக் கத்தினார். எங்களைப் பார்த்து இன்னொரு தரம் கத்தினார். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். பஸ் போனது.

முந்தலில் சாரதி பிரேக் அடித்ததில் எழும்பினார்.

"எங்க?"

"முந்தல்."

"புத்தளம்?"

"போயிட்டு."

"நீ முழிப்பாத்தானே இருந்த?"

"ஓம்."

"எழுப்பத் தெரியாதா மடையன்?"

இறங்கினோம். எதிர்ப்பக்க பஸ்ஸுக்கு முக்கால் மணித்தியாலம் நின்றோம். அவ்வளவு நேரமும் ஏசினார். பஸ்ஸில் ஏறியும் ஏசினார். எனக்கு மூளை இல்லை என்றார். ஒன்றும் கதைக்காத ஆளுக்கு மாதச் சம்பளம் கொடுக்கிற நிறுவனத்துக்கும் மூளை இல்லை என்றார். அவர் மனுஷரோடு அவ்வளவு கதைத்து நான் கேட்டது அதுதான் முதல் தரம். நான் இருந்து கேட்டேன்.

முகாம் வாசலில் பாத்துமா ராத்தா நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"ஏன் தம்பி இவ்வளவு பிந்தின? என்ன நடந்த?"

"படுத்திட்டார் ராத்தா" என்றேன்.

"எங்க?"

"பஸ்ஸுல. முந்தல் வரைக்கும்."

ஜுனைத் நானா என்னைக் காட்டிக் காட்டி அவரிடமும் ஏசினார், இவனோட போனா ஊர் போய்ச் சேர ஏலாது என்று. பாத்துமா ராத்தா அதைக் கேட்கவில்லை.

"முந்தல் வரைக்குமா?" என்று என்னிடம் இன்னொரு தரம் கேட்டார்.